நாற்பத்தொரு பேரும் வந்த நாள்

ஜூன் 21

கல்லூரி திறந்தது. இரண்டாம் ஆண்டுக்கு எனக்கு இரண்டு தாள்கள்: நவீன உலக வரலாறு, வரலாற்று ஆய்வு முறை. முதலாவதில் உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் அதை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறேன்.

வருகைப் பதிவுக்கு இந்த ஆண்டு ஏடு கிடையாது, கைபேசியிலேயே ஏற்ற வேண்டும். புதிய மென்பொருள் பெருந்தன்மையானது. திறந்ததும் எல்லோரும் வந்திருப்பதாக டிக் போட்டுக் காட்டும். வராதவர்களின் டிக்கை மட்டும் நாம் எடுக்க வேண்டும்.

பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். இருபத்திரண்டாம் எண்ணில் வேம்புராஜ் இருந்தான். அலுவலகத்தில் சண்முகவடிவிடம் போய்ச் சொன்னேன்.

"டிசி வாங்காம பேர எடுக்க முடியாது சார். வீட்ல இருந்து யாராச்சும் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவன் இறந்து ஒன்பது மாசம் ஆகுதும்மா."

"எனக்குத் தெரியாதா சார்? அதுக்குத் தெரியலையே" என்று கணினியைக் காட்டினாள்.

டிக்கை எடுத்தேன்.

ஜூன் 22

மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறேன் என்றார். குடத்தில் தண்ணீர் எடுத்தோம். இருபத்திரண்டின் டிக்கை எடுத்தேன்.

ஜூன் 29

மெக்கானிக் இன்னும் நாளைதான் வருகிறார்.

நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எண்தான். ஆண்கள் பட்டியல் இருபத்திரண்டோடு முடிகிறது. பெண்கள் இருபத்துமூன்றில் தொடங்குகிறார்கள். அது அலி பாத்திமா, வகுப்புப் பிரதிநிதி. நான் இருபத்தொன்றைச் சொல்லிவிட்டு இருபத்துமூன்றுக்குத் தாவுகிறேன். அவள் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு நொடி பொறுத்து, "உள்ளேன் சார்" என்கிறாள். முதல் வாரத்தில் கவனக்குறைவு என்று நினைத்தேன். தினமும் அதே அளவு பொறுக்கிறாள்.

ஜூலை 5

ஆய்வு முறைக்குப் பயிற்சிக் கட்டுரை கொடுத்தேன். ஆளுக்கொரு ஆவணம் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்வெட்டு, ஓலை என்று பெரிதாக அலைய வேண்டாம், ரேஷன் அட்டை போதும். அதனிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவர் அதை நேரில் பார்த்தாரா, அது அப்படி இருப்பதால் யாருக்கு நன்மை.

பின்வரிசையில் ஒருவன், "எத்தன பக்கம் சார்?" என்றான். ஐந்தாவது கேள்வியாக அதையும் சேர்த்திருக்கலாம்.

ஜூலை 11

தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று காலையிலிருந்து ஓட்டம். பழைய கோப்புகளுக்குப் புதிய அட்டை போட்டோம். நடைபாதையில் நின்றபடியே வருகையை ஏற்றினேன். மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூலை 14

இன்றைய தேதி தோதாக அமைந்ததால் நாட்குறிப்புகளைச் சான்றாகக் கொள்வது பற்றிப் பேசினேன். பாஸ்டில் சிறை தகர்ந்த நாளில் பதினாறாம் லூயி தன் குறிப்பேட்டில் எழுதியது ஒரே சொல்: ஒன்றுமில்லை. வகுப்பு சிரித்தது. ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பிறகு, அது பெரும்பாலும் வேட்டைக் குறிப்பேடு, அன்று வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே பொருள் என்று விளக்கினேன். எழுதும் நேரத்தில் அவருக்குப் பாரிசில் நடந்தது தெரியாது. தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகல்ல என்றும் சொன்னேன்.

அலி பாத்திமா கை தூக்கினாள். "தெரிஞ்சே ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தா சார்?"

அது வேறு என்றேன். மணி அடித்தது.

ஜூலை 20

பழைய பேப்பர்காரர் வந்திருந்தார். பீரோ மேலிருக்கும் என் பழைய டைரிகளைப் போடட்டுமா என்று மனைவி சிவகாமி கேட்டாள். ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் தருவது. பதினேழு இருக்கின்றன.

"வேண்டாம். ஆராய்ச்சிக்கு உதவும்."

"யாருக்கு?"

பதினேழையும் தூசி தட்டித் திரும்ப வைத்தேன். சென்ற ஆண்டினுடையதை அடியில் வைத்தேன். கனமான அட்டை, அடியில் இருப்பதே முறை.

ஆகஸ்ட் 3

முதல் உலகப் போர். சரயேவோவில் இளவரசரின் வண்டி போக வேண்டிய வழி மாற்றப்பட்டது. அதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய வழியில் திரும்பினார். துப்பாக்கிக்காரன் நின்ற இடத்துக்கு எதிரே வண்டி நின்றது.

"ஓட்டுநர்ட்ட சொல்ல வேண்டியது யாரு சார்?" என்று ஒருவன் கேட்டான்.

பாடநூலில் இல்லை என்றேன்.

"அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அதுவும் பாடநூலில் இல்லை. போர் நான்கு ஆண்டுகள் நடந்தது என்பது இருக்கிறது.

ஆகஸ்ட் 22

வருகை குறைந்தவர்களின் வீடுகளுக்கு மென்பொருள் தானாகவே கடிதம் அனுப்பிவிட்டதாம். முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சாதனையாக அறிவித்தார். கை தட்டினோம்.

ஆகஸ்ட் 26

வேம்புராஜின் அப்பா வந்திருந்தார். கருத்தபாண்டி. சந்தைப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சட்டையை உள்ளே விட்டு, ஈரத் தலையைப் படிய வாரிக்கொண்டு, துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கல்லூரிக் கடிதம்.

"தங்கள் மகன் வேம்புராஜ் 148 மணி நேரத்தில் 1 மணி நேரம் மட்டுமே வகுப்புக்கு வந்துள்ளார். வருகை 0.68 விழுக்காடு. பெற்றோர் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்."

"கடுதாசியத் தர மாட்டேன்னுட்டா அவன் அம்மா. அதான் போட்டோ புடிச்சுட்டு வந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "இந்த ஒரு மணி நேரம் எப்ப சார் வந்தான்?"

அவர் குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. ரயில் நிலையத்தில் வண்டி எப்போது வந்தது என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார்.

"அது கணினிப் பிழை."

"ஆபீஸ் மேடம் பாத்துச் சொன்னாவ. சூலை பதினொண்ணு, ரெண்டாவது பீரியடு, ஒங்க கிளாசு."

"ஆமா. அந்த சாஃப்ட்வேர் அப்படி."

"பிழைன்னா மிசினு செஞ்சதா சார், ஆளு செஞ்சதா?"

நான் டீ வரவழைத்தேன். அவர் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அன்னைக்கு அவன் கேட்ட கேள்விய இன்னொருக்க சொல்லுங்க சார். மறந்துருவோமோன்னு அவ பயப்படுதா" என்றார்.

சென்ற ஆண்டு துக்கத்துக்குப் போனபோது அந்தத் தாயிடம் நான் சொன்னது: விபத்து நடந்த அன்று இரண்டாம் மணி நேரத்தில் உங்கள் மகன் எழுந்து நல்ல கேள்வி ஒன்று கேட்டான், தன் ஊரில் நடப்பது அந்தப் பிரெஞ்சு ராஜாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்டான். இன்று மறுபடி சொன்னேன். முதல் முறையைவிடச் சரளமாக வந்தது. இரண்டாம் முறை சரளமாகும் வாக்குமூலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஆய்வு முறைத் தாளின் எட்டாம் பாடத்தில் இருக்கிறது.

"அப்பம் பதினொரு மணி வரைக்கும் இங்கதான் இருந்திருக்கான்" என்று கருத்தபாண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "போன எடுக்கலன்னு பன்னெண்டு மணிக்கு காலேசுக்குப் போட்டேன். வந்திருக்கான், பி போட்டிருக்குன்னு மேடம் சொன்னாவ. சரி, கிளாஸ்லதான இருக்கான்னு கயத்தாத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டேன். சாயங்காலம் அந்த வாய்க்கா பாலத்துக்கு அடியில வண்டியோட கெடந்தான். விழுந்து ரொம்ப நேரம் உசுரு இருந்திருக்கும்னுல்லா டாக்டர் சொன்னாரு."

"தெரியும்" என்றேன்.

"ஒண்ணுதான் சார் வெளங்கல. அது எங்க வீட்டுல இருந்து வார வழி. கிளாசு முடிச்சுட்டு எதுக்கு வீட்டுப் பக்கம் திரும்புனான்? காலையில நான் ஏசிட்டேன், வண்டிய வேகமா ஓட்டுதான்னு. அதுக்கு ஏதும் பேச வந்தானோ? வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு வண்டி ஓட்டுதேன்."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். டிசிக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று சண்முகவடிவு கேட்டிருக்கிறாள். இன்னும் அவனைப் பற்றித் தெரிய வேண்டியது இருக்கிறது என்றாராம்.

ஆகஸ்ட் 27

அரிசி மாவு அரைக்கக் கொடுத்தேன். வெர்சாய் உடன்படிக்கைக்குக் குறிப்பு எடுத்தேன்.

ஆகஸ்ட் 30

வெர்சாய் உடன்படிக்கை முடிந்தது. குற்றத்தை ஒருவர் மேல் எழுதிக் கையெழுத்து வாங்கினால் சமாதானம் வந்துவிடாது என்று சொன்னேன். எழுதாமல் விட்டால் வருமா என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 2

கட்டுரைகள் வந்தன. பதினெட்டு ரேஷன் அட்டைகள், ஆறு திருமணப் பத்திரிகைகள், ஒரு பட்டா. அலி பாத்திமாவின் ஆவணம்: சென்ற ஆண்டு வருகை ஏடு, செப்டம்பர் 14, இரண்டாம் மணி நேரம்.

வருகை ஏடுகள் துறை அலமாரியில் திறந்தே கிடக்கின்றன. யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் பூட்டுவதில்லை.

மூன்று பக்கம். அவளுடைய தமிழ் சுத்தமாக இருக்கிறது. ஒரு பகுதியை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"இந்த ஏட்டில் எண்பத்தெட்டு வேலை நாட்கள் உள்ளன. நாற்பத்தொரு பேரும் வந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அன்று நான் என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காகக் கடையநல்லூரில் இருந்தேன். புகைப்படம் இணைத்துள்ளேன். எனினும் என் பெயருக்கு நேரே P உள்ளது. மற்ற நாட்களில் ஒவ்வொரு P-யும் நின்று நிதானித்து எழுதப்பட்டது. அன்று மட்டும் பேனா மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் இறங்கியிருக்கிறது. மூன்று மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்தேன். மூன்றிலும் 13ஆம் தேதிக்குப் பின் 15ஆம் தேதி வருகிறது. அந்த இரண்டு தேதிகளிலும் பாடம் தொழிற்புரட்சி. வேம்புராஜ் அன்று பிரெஞ்சுப் புரட்சி பற்றிக் கேள்வி கேட்டதாக அவருடைய தாய், தந்தை, சித்தப்பா ஆகிய மூவரும் சொல்கிறார்கள். மூவரும் அதை ஒருவரிடமிருந்தே கேட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி எங்களுக்கு நவம்பரில்தான் தொடங்கியது."

அதற்குக் கீழே பன்னிரண்டு மணித் தொலைபேசி அழைப்பு, தந்தையின் வாய்மொழியாக. பிறகு "முடிவு" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை.

பத்துக்கு ஒன்பது போட்டேன். முடிவுரை இல்லாததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பேனா கொடுத்தார்கள்.

செப்டம்பர் 8

வகுப்பு முடிந்ததும் அலி பாத்திமா கட்டுரையோடு மேசைக்கு வந்தாள். ஒரு மதிப்பெண்ணுக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள முயன்றேன் என்று எழுதுவதே சரி.

"முடிவுரை ஏன் எழுதலம்மா?"

"ஒரு சான்று பத்தல சார். அன்னைக்கு அந்த மணி நேரம் நீங்க எங்க இருந்தீங்கன்னு நீங்கதான் சொல்லணும். நானா எழுதுனா அது ஊகம்."

"வகுப்புல மத்தவங்க இருந்தாங்களே."

"எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க வரல, கேன்டீன்ல இருந்தோம்னு சொல்லுதாங்க. ஆனா யாரும் எழுதித் தர மாட்டாங்க. எல்லாருக்கும் பி விழுந்துச்சுல்லா." கட்டுரையைச் சுருட்டினாள். "எனக்கும்தான் சார். அந்த ஒரு நாள்லதான் எனக்கு எழுபத்தஞ்சு சதவீதம் தேறுச்சு. இல்லன்னா பரீட்சை எழுதியிருக்க முடியாது. அதனால அவன் நம்பரத் தாண்டி என் நம்பர் வரும்போதெல்லாம் வாய் வர மாட்டேங்குது."

"ஏன் இந்த ஆவணத்த எடுத்த?"

"ரேஷன் கார்டு போதும்னுதான் சார் எடுத்தேன். அதுல பேரு நீக்கின எடத்தப் பாத்தேன். அப்புறம் இது ஞாபகம் வந்துச்சு."

போகும்போது வாசலில் நின்றாள். "அவங்க அப்பாட்ட நான் எதுவும் சொல்லல சார். கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். சொல்லுறது என் வேலை இல்லைல்லா."

செப்டம்பர் 9

பீரோ மேலிருந்து சென்ற ஆண்டு டைரியை எடுத்தேன். அடியில் இருந்ததால் மற்ற பதினாறையும் இறக்க வேண்டியிருந்தது. சிவகாமி என்ன தேடுகிறீர்கள் என்றாள். ஆராய்ச்சி என்றேன்.

செப்டம்பர் 14ஆம் தேதிக் குறிப்பு இது:

"காலை அச்சகம். என் 'ஆய்வு முறை வினா–விடை' கடைசி மெய்ப்பு. சான்றுகளின் நம்பகத்தன்மை என்ற பாடத்தில் எட்டுப் பிழைகள், திருத்தினேன். பதினொன்றரைக்குக் கல்லூரி. பன்னிரண்டுக்குள் ஏற்ற வேண்டும் என்பதால் வருகையைப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மழை வரும்போல் இருந்து வரவில்லை. வேறு ஒன்றுமில்லை."

முதல் கேள்வி, யார் எழுதியது: நான். எழுதியவர் நேரில் பார்த்தாரா: வகுப்பையே பார்க்கவில்லை. நன்மை யாருக்கு: எனக்கும் நாற்பது பேருக்கும்.

எப்போது எழுதியது என்பதுதான் மிச்சம். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுதுகிறவன். அன்று மாலை ஆறரைக்குச் சண்முகவடிவு தொலைபேசியில் அழுதாள். "நீங்க பி போட்டிருந்தீங்க சார், அதத்தான் நான் அவருகிட்ட சொன்னேன்" என்றாள். நான், "நீ சரியாத்தான் சொல்லியிருக்க, வேற யார்ட்டயும் இதப் பேசாத" என்றேன். அதன் பிறகு சாப்பிட்டேன். அதன் பிறகு இந்தக் குறிப்பை எழுதினேன்.

லூயிக்குத் தெரியாது.

செப்டம்பர் 11

வகுப்பில் இருபத்தொன்றுக்குப் பின் வாய் தவறி இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பலகையில் எழுதத் திரும்பினேன். எதை எழுத என்று தெரியவில்லை, தேதியை எழுதினேன்.

செப்டம்பர் 12

காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு. காய்ச்சல் இல்லை.

செப்டம்பர் 14

காலை எட்டு மணிக்கு டைரியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். வழியில் அந்த வாய்க்கால் பாலம். தினமும் வேறு வழியாகப் போவதால் நான் அதை ஓர் ஆண்டாகப் பார்க்கவில்லை. வேறு வழி நாலு கிலோமீட்டர் அதிகம். பாலத்தின் பக்கச் சுவரில் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள்.

கருத்தபாண்டி வெங்காய மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். இன்றும் வண்டி ஓட்டுகிறாரா என்று நினைத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க சார்." கயிற்றை விடவில்லை.

டைரியை அந்தப் பக்கத்தில் திறந்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாங்கவில்லை. "கண்ணாடி கொண்டாரல. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். என் எழுத்தை நான் உரக்க வாசித்தது அதுதான் முதல் தடவை. எட்டுப் பிழைகளைத் திருத்தினேன் என்ற இடத்தில் பக்கத்து வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. முடித்துவிட்டு, விளங்கும்படி சொன்னேன். அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. யார் வந்தார்கள் என்று பார்க்காமல் எல்லோருக்கும் P போட்டேன். நீங்கள் பன்னிரண்டு மணிக்குக் கேட்டபோது உங்களுக்குச் சொல்லப்பட்டது நான் போட்ட அந்த P.

அவர் தார்ப்பாயின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் வீட்டுக்குத் திரும்பி வரல."

"இல்ல. காலேஜுக்கு வந்துக்கிட்டு இருந்திருக்கான்."

"காலேசுக்குத்தான் வந்திருக்கான்." அதை இரண்டு முறை சொன்னார். பிறகு, "எட்டேகாலுக்கு வீட்ட விட்டுக் கெளம்புனான். பாலத்துக்குப் பத்து நிமிசம்" என்றார். அதற்கு மேல் கணக்குப் பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன். ஆனால் கணக்கு நிற்கவில்லை. அந்த எட்டரையிலிருந்து பன்னிரண்டுக்கு மூன்றரை மணி நேரம். பன்னிரண்டிலிருந்து சாயங்காலத்துக்கு இன்னும் ஐந்தரை.

"அந்தக் கேள்வி?" என்றார்.

"நான் சொன்னது."

"அவன் கேக்கல."

"கேக்கல."

"அவ அத நோட்டுல எழுதி வச்சிருக்கா சார். வாரவுகள்ட்ட எல்லாம் வாசிச்சுக் காட்டுதா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வீட்டுப் பக்கம் வராதீக."

டைரியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், ஸ்பேனர்களோடு வைத்தார். "இது எங்கிட்ட கெடக்கட்டும்" என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டு, உடனே அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போகும்வரை வண்டி நகரவில்லை.

செப்டம்பர் 16

முதல்வரிடம் எழுத்துமூலம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தினார்.

"இத வாய்மொழியா சொல்லியிருக்கலாமே சார். எழுத்துல குடுத்தா ஆவணம் ஆயிரும்லா."

"அதுக்காகத்தான் சார்."

"கமிட்டி வார நேரம் பாத்துக் குடுக்கீங்க." கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப் போய், பிறகு இழுப்பறையில் வைத்தார். விசாரணை நடக்கும் என்றார். அதுவரை வகுப்பு எடுக்கலாம், வேறு ஆள் இல்லை.

விசாரணையில் இந்த டைரியையும் கேட்கக்கூடும். ஆகவே இனி எழுதுவது, பிறர் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதுவது. நம்பகத்தன்மை அந்த அளவுக்குக் குறைவு.

செப்டம்பர் 20

அலி பாத்திமா முதல்வருக்குத் தானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். செப்டம்பர் 14 அன்று தனக்குப் போடப்பட்ட P-ஐ நீக்க வேண்டுமாம். நீக்கினால் முதலாண்டுத் தேர்வு செல்லாமல் போகும் என்று சண்முகவடிவு எச்சரித்தாளாம். "அப்ப அதையும் எழுதிக்கிடுங்க மேடம்" என்றாளாம்.

அவளுடைய கட்டுரையை வாங்கி, ஒன்பதை அடித்துப் பத்து போட்டேன். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 25

கருத்தபாண்டி டிசி வாங்க வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை. சண்முகவடிவு ஆளனுப்பி என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: மாணவர் கடைசியாக வகுப்புக்கு வந்த தேதி. மென்பொருள் அதில் இந்த ஆண்டு ஜூலை 11 என்று தானாகவே நிரப்பியிருந்தது. கருத்தபாண்டி அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சண்முகவடிவு பதறிப்போய், அதை அடித்துவிட்டுச் சென்ற ஆண்டு செப்டம்பர் 14 என்று எழுதினாள். அதற்கும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

"பதிமூணு" என்றார்.

"ரெக்கார்டுல பதினாலுன்னுதான் அண்ணாச்சி இருக்கு. மாத்தணும்னா பாடம் எடுத்த சார் கையெழுத்து வேணும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. படிவத்தை மேசையில் என் பக்கமாக நகர்த்தினார். பதினான்கை அடித்தேன். பதின்மூன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். பக்கத்தில் கையெழுத்திட்டு, இன்றைய தேதி போட்டேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார். டிசியை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சண்முகவடிவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 26

பட்டியலில் நாற்பது பேர். ஒரு பெயர் போனதால் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓர் எண் மேலே ஏறிவிட்டார்கள். மென்பொருள் வழக்கம்போல் அனைவரும் வந்திருப்பதாகக் காட்டியது. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழைத்தேன்.

இருபத்தொன்று என்றேன். பதில் வந்தது. இருபத்திரண்டு என்றேன். அலி பாத்திமா ஒரு நொடி பொறுத்தாள்.

"உள்ளேன் சார்."

தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அடுத்த எண்ணையும் அப்படியே பார்த்தேன். மொத்தமும் முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று, பாடத்துக்கு நேரம் போதவில்லை. இன்று வகுப்புக்கு வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர்.